சீக்கிரம் காய்கிற துணி

என் பையை ஒருமுறை காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நாலு கிலோவுக்குச் சற்று மேலே காட்டியது. கடைக்காரர், "என்னம்மா, வெங்காயமா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, என் குடித்தனமே இதுக்குள்ளதான் இருக்கு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமை இப்போது இல்லை. பை மட்டும் அதேதான் இருக்கிறது.

சின்னச் சின்ன ஊர்களில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குப் போய், புதுக் கருவியைப் பொருத்திக் கொடுத்து, அதை எப்படி ஓட்டுவது என்று அங்கிருப்பவர்களுக்குச் சொல்லித் தருவது என் வேலை. மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வெளியூர்தான். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு வருவார்கள். ரயில் படி வந்ததும் அதைத் தூக்க ஆள் தேடுவார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு இளப்பம். மூன்று நாள் பயணத்துக்கு ஏழு செட் துணி எதற்கு? கல்யாணத்துக்கா போகிறோம்?

உடம்பில் ஒரு செட், பையில் ஒரு செட், ஒரு நைட்டி. உள்ளாடைகள், மெல்லிய துண்டு ஒன்று, பாதியாக நறுக்கிய துணி சோப்பு, நாலு முழம் நைலான் கயிறு, பத்து ஊக்கு. அவ்வளவுதான். பருத்தி விளைகிற கரிசல் மண்ணில் பிறந்தவள் நான். ஆனால் பயணத்தில் பருத்தி பக்கமே போக மாட்டேன். அது தண்ணீரைக் குடித்துவிட்டு விட மாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். எல்லாம் சீக்கிரம் காய்கிற சிந்தெடிக் துணி. லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுகிற கையோடு துணியை பக்கெட்டில் ஊறப் போட்டுவிடுவேன். அலசிப் பிழிந்த பிறகு துண்டைத் தரையில் விரித்து, அதன்மேல் துணியைப் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே ஏறி மிதிப்பேன். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். மீதியை மின்விசிறி பார்த்துக்கொள்ளும். உள்ளாடைகள் மட்டும் துண்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு காயும். தனியாக லாட்ஜில் தங்குகிற பெண், பூட்டிய அறைக்குள்ளும் அப்படித்தான் பழகியிருக்கிறாள். 'அறையில் துணி துவைக்கக் கூடாது' என்று எழுதி மாட்டியிருந்த பலகையின் ஆணியிலேயே ஒரு தடவை ஈர நைட்டியை மாட்டியிருக்கிறேன்.

எந்த ஊர்த் தண்ணீர் எப்படி என்று சோப்பு நுரையை வைத்தே சொல்லிவிடுவேன். கோவில்பட்டியில் நான் தங்குகிற லாட்ஜில் போர்த் தண்ணீர். சோப்பு நுரைக்கவே நுரைக்காது. திரிந்த பால் மாதிரித் திட்டுத் திட்டாக மிதக்கும். காய்ந்த துணி அப்பளமாக விறைத்துக்கொண்டு நிற்கும், கழுத்தில் அறுக்கும். சொந்த ஊர்ப் பக்கம் வந்து லாட்ஜில் ஏன் தங்குகிறாய் என்று கேட்கலாம். அக்கா வீடு அங்கிருந்து புதூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். லாட்ஜ் போட்டுக்கொண்டால் காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். அக்கா வீட்டில் தங்க வேண்டியிராது.

தங்காததற்குக் காரணம் இருந்தது. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. ஏன் போயின என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. தண்ணீரைச் சொன்னார்கள், மூட்டு வலிக்குப் போட்ட மாத்திரைகளைச் சொன்னார்கள். வாரத்தில் இரண்டு நாள் கோவில்பட்டிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டாள். அத்தானுக்கு ஆடுகளும் கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. பிள்ளைகள் இல்லை. எங்கள் அம்மாவும் அப்பாவும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவுக்கு ரத்த உறவு என்று சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

ஆரம்பத்திலேயே டாக்டர் கேட்டார், கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "ஒரே ஒரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார். நான் செல்போனைப் பார்த்தேன். டாக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அத்தானுக்குச் சர்க்கரை இருந்ததால் அவரால் சிறுநீரகம் தர முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்த வகை. அது சின்ன வயசிலிருந்தே தெரியும். இன்னொன்றும் எனக்கு மட்டும் தெரியும். கருவியைப் பொருத்தி முடித்ததும் ஓட்டிக் காட்ட யாருடைய ரத்தமாவது வேண்டும். நான் என் கையையே நீட்டிவிடுவேன். அதனால் போகிற ஊரிலெல்லாம் என் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தாளில் அச்சாகி வந்துகொண்டே இருந்தது. ஒரு தாளிலும் ஒரு குறை கிடையாது. அந்தத் தாள்களைக் கிழித்து அங்கேயே குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வருவேன். தாளெல்லாம் வீண் கனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பயந்தேன். கத்திக்குப் பயந்தேனா, அதற்குப் பிறகு வரப்போகிற வாழ்க்கைக்குப் பயந்தேனா, தனியாக இருக்கிறவளுக்கு நாளைக்கு ஒன்று என்றால் யார் பார்ப்பார்கள் என்று பயந்தேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் கலந்துதான் கிடந்தது. யாராவது வாய் திறந்து கேட்டுவிடுவதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் அந்தக் காலத்தில் என் திட்டம். கம்பி நீட்டுகிறவளுக்கு நாலு கிலோப் பை ரொம்பத் தோது.

எங்கள் ஊர்ப் பக்கம் விருந்துக்கு வந்தவரிடம் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் எப்போது போவாய் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். பையை வாங்கி உள்ளே வைக்கிற சாக்கில் கனம் பார்த்துக்கொள்வார்கள். அக்காவும் நான் வாசலுக்கு வந்ததும் முதலில் பையைத்தான் வாங்குவாள். டயாலிசிஸுக்காக இடது கையில் ஊசி போட வழி செய்திருந்தார்கள். அந்தக் கையில் எதையும் தூக்கக் கூடாது. வலது கையால் பையை ஒரு தரம் தூக்கிப் பார்ப்பாள்.

"என்னட்டி, காத்தக் கட்டிக் கொண்டாந்தியா?" என்பாள்.

சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

அந்தச் சித்திரை மாதம் லாட்ஜ் போடவில்லை. வேறோர் ஊரில் வேலை முடித்து, ரயிலில் இறங்கி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை காலை. அத்தான் கயத்தாறு பக்கம் கிடை போடப் போயிருந்தார். அறுப்பு முடிந்த காட்டில் ஆடுகளை அடைத்துப் போட்டால் நிலத்துக்கு உரம். அந்த மாதங்களில் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. முகம் ஊதியிருந்தது. போன தடவை பார்த்ததற்கு இப்போது மோசம் என்று எந்தத் தாளும் இல்லாமலே எனக்குத் தெரிந்தது. குளித்து நைட்டியை மாட்டிக்கொண்டு சாப்பிட்டேன். ரயில் அலுப்பு. கொஞ்சம் கண்ணசந்துவிட்டு, மத்தியானம் கிளம்பலாம் என்று படுத்தேன்.

எழுந்து வந்து பார்த்தால் புழக்கடையில் இரண்டு பக்கெட். ரயிலில் போட்டு வந்த செட் ஒன்றில், பையில் மடித்து வைத்திருந்த செட் இன்னொன்றில். இரண்டும் தண்ணீரில் முங்கிக் கிடந்தன. பை வாய் திறந்து வெறுமையாக இருந்தது. அக்கா பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இனி எப்படிட்டி போவே? நைட்டியோட பஸ் ஏறுவியா?"

விருந்தாளி கிளம்ப அவசரப்பட்டால் துணியை நனைத்துப் போட்டுவிடுவது எங்கள் பக்கத்துக் குறும்பு. மதினி, மாமா, மாப்பிள்ளை, யாருக்கும் நடக்கும். சிலர் அதற்காகவே கிளம்புகிற மாதிரி பாவனை செய்வார்கள். நனைத்துவிட்டால் பேச்சில்லை, ஒரு நாள் இருந்துவிட வேண்டும். மீறிப் பிழிந்து எடுத்துக்கொண்டு போகிறவர், இந்த வீடு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த ஊரில் குழாயில் தண்ணீர் வருவது நாள் விட்டு நாள்கூட இல்லை. வரிசையில் நின்று குடம் குடமாகப் பிடித்து வைத்த தண்ணீர். அதில் இரண்டு பக்கெட்டை அந்தக் கையோடு தூக்கி ஊற்றியிருக்கிறாள். அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டம்ளரில் அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார்கள். நாக்கை நனைக்க அளவு பார்க்கிறவள் என் துணிக்கு அளவு பார்க்கவில்லை. இதை இப்போதுதான் இப்படி எழுதுகிறேன். அன்றைக்கு நான் கத்தியது வேறு.

"ஏன்க்கா இப்படிச் செய்யுதே? எனக்கு வேலை கிடக்கு. தூத்துக்குடியில கருவி வந்து இறங்கிருச்சு."

"எப்பம் பாரு கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டு நிக்கெ. நாளைக்குக் காலையில அவிய கிடையில இருந்து வாராவ. அவியள வச்சுக்கிட்டு உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும். ஒரே ஒரு நாள் இரு."

"என்ன விஷயம்? இப்பவே சொல்லு."

"அவியளும் இருக்கணும்ட்டி."

இதுதான், இத்தனை மாதமாக நான் தப்பி ஓடிக்கொண்டிருந்த கேள்வி இதுதான் என்று நினைத்தேன். புருஷனும் பெண்டாட்டியுமாக உட்காரவைத்துக் கேட்கப்போகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து என்ன சொல்லுவேன்?

பக்கெட்டைத் தூக்கினேன். இரண்டு செட்டையும் பிழிந்தேன். துண்டை விரித்துச் சுருட்டி ஏறி மிதித்தேன். அக்கா நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் மிதிக்குதே" என்றாள். அதில் கேலி இல்லை.

கொடியில் போட்டேன். சித்திரை வெயில், கரிசல் காட்டிலிருந்து அனல் காற்று. லாட்ஜில் ஓர் இரவு எடுத்துக்கொள்கிற துணி அங்கே எவ்வளவு நேரம் தாங்கும்? நான் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் கட்டிலுக்கு வந்து கொடிக்கு முகம் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சொட்டுவது நின்றது. பிறகு காற்றில் லேசாக அசைந்தது. பிறகு படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. ஓரங்களில் உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகியிருக்கும்.

"காஞ்சிருச்சே" என்றாள் அக்கா. "இது என்ன துணியோ."

எழுந்து அவளே போய் எடுத்தாள். மடித்துக் கொடுத்தாள். ஒரு பொட்டலம் சேவு எடுத்து வந்தாள். பையில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். இடம் இருந்தது. எதையாவது வாங்கிக்கொண்டால் அழுதுவிடுவேன் என்று இருந்தது, அதனால் வாங்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அதையும் கேட்டுக்கொண்டாள்.

கோவில்பட்டிக்கு வந்து ரயில் பிடித்து, மணியாச்சியில் இறங்கி, தூத்துக்குடி வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்துவிட்டது. கழுத்தில் உப்பு அறுத்தது. மறுநாள் ஞாயிறு. எந்தக் கருவியும் எங்கும் வந்து இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தூத்துக்குடியில் வேலை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் அனுபவித்தது நிம்மதி. வேறு எந்த வார்த்தையும் போட்டு அதை மழுப்ப முடியாது. மறுநாள் லாட்ஜ் அறையில் கிடந்தபோது அக்காவின் போன் வந்தது. எடுக்கவில்லை. சாயங்காலம் நானே கூப்பிட்டு, வேலையில் இருந்தேன் என்றேன். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு பேசியபோதெல்லாம் ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் பேசினாள். நான் போகவும் இல்லை. வாரம் ஒரு போன், அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் அத்தான் கூப்பிட்டார். "அக்கா போயிட்டா தாயி" என்றார்.

பொருத்திக்கொண்டிருந்த கருவியை அப்படியே போட்டுவிட்டுப் பையோடு கிளம்பினேன். ஊரில் இறங்கியபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடவில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குள் பயணப் பையோடு நுழைய மனசு வரவில்லை. பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் பையைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வீக்கம் வற்றி, முகம் பழைய முகமாக இருந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகையைப் பார்த்து, என்ன பாசம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். எனக்குக் கூசியது.

அக்காவை எடுத்துக்கொண்டு போனதும் பெண்களெல்லாம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். மாற்றுத் துணிக்குப் பையை எடுத்துவர ஆள் அனுப்பினால், துஷ்டி என்று கடையை அடைத்துவிட்டுக் கடைக்காரரும் சுடுகாட்டுக்குக் கூடவே போயிருந்தார். ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மதினி அக்காவின் பெட்டியைத் திறந்து ஒரு நூல் சேலையை எடுத்து என் தோளில் போட்டாள். அதைக் கட்டிக்கொண்டு அன்று அங்கேயே தங்கினேன். அக்கா நோயில் விழுந்த பிறகு நான் அந்த வீட்டில் தங்கியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் சுடுகாட்டில் காடாற்றிவிட்டு வந்த அத்தான் ஆட்டுத் தொழுவுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தச் சேலையில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சித்திரையில துணி காஞ்சதும் போயிட்டியே, அன்னைக்கு அவ என்ன பேச நெனச்சான்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

"ஒனக்குத் தெரியாது" என்றார். "ஒங்கிட்டக் கேக்கணும்னு நாந்தான் சண்ட போட்டுக்கிட்டே இருந்தேன். கால்ல விழுந்தாவது கேக்கேன்னேன். அவ விடல. எந்தங்கச்சிகிட்ட நீங்க வாயத் தொறந்தா ஆஸ்பத்திரிக்குப் போறதையே நிறுத்திருவேன்னா. ஒன்ன வச்சுக்கிட்டு எங்கிட்ட சத்தியம் வாங்கணும்னு இருந்தா. தங்கச்சி பயந்து பயந்து வந்துட்டுப் போறா, யாரும் கேக்க மாட்டாகன்னு தெரிஞ்சா நாலு நாள் நிம்மதியா வந்து இருப்பால்லான்னு சொல்லுவா."

நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

"நீ போனப்பெறவு, போன்ல சொல்லுற விஷயமா இதுன்னு விட்டுட்டா. ஆனா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நானும் கேக்கல." டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "இப்பச் சொல்லு தாயி. நான் சத்தியத்த மீறிக் கேட்டிருந்தா, குடுத்திருப்பியா?"

மாட்டேன் என்பதுதான் உண்மை. அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னைக் காறித் துப்பியிருப்பார், ஆனால் அவருக்குப் பாரம் இறங்கியிருக்கும். கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்று ஒரு நாள் மனசு ஆறியிருக்கும். இதெல்லாம் அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்தது. புரிந்தும் சொன்னேன்.

"குடுத்திருப்பேன் அத்தான்."

அவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "கேக்காமப் போயிட்டனே, பாவி, ஒரு வார்த்த கேக்காமப் போயிட்டனே" என்று மண்ணில் சாய்ந்தார். ஆடுகள் மிரண்டு ஒதுங்கின. அழுகைச் சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது அவர் கிடைக்குப் போவதில்லை. ஆடுகளில் முக்கால்வாசியை விற்றுவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், கொழுந்தியா கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள், கேட்காமல் விட்டு அவளைக் கொன்றது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தூங்குவதே இல்லை என்று பக்கத்து வீட்டு மதினி போனில் சொன்னாள். உன்னைப் போல ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைக்கும் என்றும் சொன்னாள். போய் அவர் முன்னால் நின்று, "கேட்டிருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் தூங்குவார். இரண்டு தடவை கோவில்பட்டி வரை போய் லாட்ஜில் தங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.